பாதிப் பரவளையம்

பரீட்சை எழுதிவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அமுதா ராட்டையில் தறிக்கு வேண்டிய நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நல்ல பங்குனி வெயில். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து பிள்ளையார்பாளையம் வரை சைக்கிள் மிதித்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பையில் நாலாக மடித்து வைத்திருந்த வினாத்தாளை எடுத்து, ஏதோ பட்டமே வாங்கி வந்தவன் மாதிரி அவளிடம் நீட்டினேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஏழு மாதம். எழுதியது பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை.

"எப்படிங்க எழுதினீங்க?"

"மத்ததெல்லாம் அப்படி இப்படித்தான். கிராஃப் மட்டும் அருமையா வந்துச்சி. பத்தே நிமிசம். எனக்கு முன்னாடி ஒரு மீசைக்காரரு அர மணி நேரமா ரப்பர் வெச்சி அழிச்சிக்கினே இருந்தாரு. பாவமா இருந்துச்சி."

ராட்டை நின்றது. கிராஃப் கேள்விக்குப் பத்து மதிப்பெண். அந்தப் பத்தை நம்பித்தான் நான் பரீட்சைக்கே போயிருந்தேன். அது பத்து நிமிடத்தில் முடிகிற வேலையில்லை என்று அமுதாவுக்குத் தெரியும். அவள் பிளஸ் டூவில் கணக்கு எடுத்துப் படித்தவள்.

"எங்க, போட்டுக் காட்டுங்க" என்று சாக்பீஸை எடுத்துக் கொடுத்தாள்.

சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். கேள்வி இதுதான்: y = x² − 6x + 5, வரைபடம் வரைக. x சைபர் என்றால் y ஐந்து. ஒன்று என்றால் சைபர். இரண்டு என்றால் மைனஸ் மூன்று. மூன்று என்றால் மைனஸ் நான்கு. புள்ளிகளை வைத்து, மேலிருந்து கீழே இறங்கும் வளைவை ஒரே இழுப்பில் போட்டேன். மைனஸ் நான்கில் வந்து நிறுத்தி, சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டேன்.

"மீதி?" என்றாள் அமுதா.

"மீதி இன்னா மீதி?"

"அந்தப் பக்கம் மேல ஏறணும் இல்ல?"

"அது திரும்பி வர்றதுதானே. அப்பாலயும் அதே மைனஸ் மூணு, அதே சைபர், அதே அஞ்சு. போட்டுப் பாத்துட்டுதான் நிறுத்தினேன். திரும்பி வர்றத எவனாவது வரைவானா? நடுவுல ஒரு கோடு போட்டு, பக்கத்துல 'திருப்பவும்'னு எழுதி வெச்சிட்டு வந்துட்டேன்."

அமுதா என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ராட்டையில் தலை முட்ட முட்டச் சிரித்தாள். நானும் கூடவே சிரித்தேன். எதற்கென்று எனக்குத் தெரியாது. அவள் சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் தரையில் இருந்த பாதி வளைவை மறுபடி குனிந்து பார்த்தேன்.

ஒரு தலை போதும்

இந்தத் தொடரை நடுவில் எடுத்துப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பட்டுச்சேலை டிசைன்களுக்குக் கிராஃப் வரைகிறவன். சேலைக் கரையில் ஒரு மயில் வர வேண்டுமென்றால், அதை முதலில் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் வைத்து வரைய வேண்டும். செங்குத்தாகப் போகும் ஒவ்வொரு வரிசையும் ஓர் இழை. அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அந்த அட்டை தறிக்கு மேலே இருந்து இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏறும்.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற உருவம் என்றால் பாதிதான் வரைவோம். பெட்டியின் ஒவ்வொரு கொக்கிக்கும் வலப்பக்கம் ஓர் இழையும் இடப்பக்கம் ஓர் இழையும் கட்டியிருப்பார்கள். கொக்கி மேலே போனால் இரண்டும் சேர்ந்து போகும். மீதிப் பாதியைத் தறியே நெய்துவிடும். நாங்கள் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் 'திருப்பவும்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

காஞ்சிபுரத்துச் சேலையில் இருதலைப் பட்சி ரொம்பப் பேர் விரும்பிக் கேட்பது. எத்தனையோ இருதலைப் பட்சிக்குக் கிராஃப் போட்டிருக்கிறேன். இரண்டாவது தலையை ஒருமுறைகூட வரைந்ததில்லை.

இப்போது கம்ப்யூட்டரில்தான் வரைகிறேன். அதில் திருப்புவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. முதல்முதலாக அதை அழுத்தியபோது, அடுப்படியில் இருந்த அமுதாவைக் கூவிக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "இத பரீட்சை ஹாலுக்கு எடுத்துக்கினு போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இருபது வருடமானாலும் விடமாட்டாள்.

பதினாறு வயதில் பத்தாவதில் கணக்கில் மட்டும் கோட்டைவிட்டேன். வீட்டில் உட்கார வேண்டாமென்று கிராஃப் வரையப் போனேன். பத்து வருடத்துக்கு மேல் கட்டத்தாளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு கிராஃப் கேள்வியைப் பார்த்தால் பயம் எங்கிருந்து வரும்? பயம் இல்லாததுதான் வினையாகிவிட்டது.

தரகர் வாயில் வந்தது

அந்த வயதில் எதற்குப் பரீட்சை என்று கேட்பீர்கள்.

அமுதா திருப்புட்குழிக்காரி. அப்பா, அம்மா இல்லை. அண்ணன்தான் வளர்த்தார். அவர் பஸ் கண்டக்டர். நல்ல மனிதர், ஆனால் படிப்பு விஷயத்தில் பிடிவாதம் அதிகம். மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காப்பியைக் கையில் எடுக்காமலே சொன்னார்.

"சொத்து பத்து எனக்கு வேணாம்பா. படிச்ச மாப்ளயா இருக்கணும். பத்தாவதாவது பாஸ் பண்ணாத எடத்துல எங்க அமுதாவ குடுக்க மாட்டேன்."

தரகர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பையன் பத்தாவது பாஸாச்சே!" என்றார். கண் இமைக்காமல் சொன்னார். என் அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் காப்பியை எடுத்துக் குடித்தார்.

நான் பொய் சொல்லவில்லை, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணமான மூன்றாம் மாதம் அமுதா தகரப்பெட்டியைத் துடைத்து அடுக்கும்போது என் பழைய மார்க் ஷீட் அகப்பட்டது. கணக்குக்கு நேரே பதினெட்டு.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தார் சுற்றினாள், கேட்டதற்குத் தலையாட்டினாள். திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

மூன்றாம் நாள் காலையில் கேட்டாள். "எங்கண்ணனுக்கு இன்னா பதில் சொல்லப்போறீங்க?"

நெசவாளர் சொசைட்டி ஒன்றில் டிசைன் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மச்சான் வரும்போதெல்லாம் சர்டிபிகேட் ஜெராக்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். "பெட்டில எங்கயோ இருக்குது மச்சான், தேடி எடுக்கறேன்" என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சா எங்கண்ணன் இந்த வாசப்படி மிதிக்க மாட்டாரு. எனக்கு அவர விட்டா யாருமில்ல" என்றாள் அமுதா. "அதுக்காக உங்கள விட்டுக்குடுக்கவும் முடியாது. பாஸ் பண்ணுங்க. அது ஒண்ணுதான் வழி."

அப்படித்தான் அந்தப் பங்குனியில் போய் எழுதினேன். பாஸ் ஆக முப்பத்தைந்து வேண்டும். இருபத்தொன்பது வந்தது. மீதிப் பாதியை வரைந்திருந்தால் ஒருவேளை கரையேறியிருப்பேன்.

மைனஸ் எங்கே போனது

வைகாசியில் கருட சேவைக்கு வந்த மச்சான் மறுபடியும் சர்டிபிகேட்டைக் கேட்டார். அமுதா சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் போன பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"ஐப்பசில இன்னொரு பரீட்சை இருக்குது. இன்னையிலேர்ந்து நான்தான் வாத்தியார்."

வாத்தியார் ரொம்பக் கடுமை. காலையில் பாவு நூலை நீளமாக நீட்டிப் போட ஆட்கள் தெருவுக்கு வருவதற்குள் பத்துக் கணக்கு முடித்திருக்க வேண்டும். ஒரு கையில் தார்க்குச்சி, மறு கையில் மர ஸ்கேல்.

"y = ax² + bx + c. இது ஒரு பரவளையம். இதோட முனை எங்க இருக்குதுன்னு கண்டுபுடிக்க ஒரு ஃபார்முலா. x = மைனஸ் பி பை டூ ஏ. சொல்லுங்க."

"பி பை டூ ஏ."

"மைனஸ் எங்க போச்சி?"

"தண்ணி குடிக்கப் போயிருக்கும்."

முட்டியில் ஸ்கேல் விழுந்தது. வாரக்கணக்கில் இதே கூத்துதான். ஒரு நாள் மைனஸைக் காணோம், ஒரு நாள் இரண்டைக் காணோம். மனப்பாடம் என்பது எனக்கு எந்தக் காலத்திலும் வரவில்லை. ஆயிரக்கணக்கான கட்டங்களைத் தப்பில்லாமல் எண்ணுகிறவன், மூன்று எழுத்தை ஞாபகம் வைக்க முடியாமல் அவள் முன்னால் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன்.

ஜோடி இல்லாத இழை

ஓர் ஆடி மாதத்து மத்தியானம். ஒரு கோபுரக் கரைக்கு கிராஃப் போட்டுக்கொண்டிருந்தேன். அமுதா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்று பார்த்தாள். தாளில் பாதிக் கோபுரம் இருந்தது. கடைசி வரிசையை மட்டும் சிவப்பு மையால் சுழித்திருந்தேன்.

"இது எதுக்கு சிவப்பு?"

"அது நடு இழை. மறந்துடக் கூடாதுன்னு சுழிக்கறது. மத்த இழைக்கெல்லாம் அந்தப் பக்கம் ஜோடி இருக்குது. இதுக்குக் கெடையாது. இது ஒத்தை."

"ஜோடி கட்டினா இன்னா ஆவும்?"

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. நான் தனியாக வரைந்த முதல் டிசைனே ஒரு கோபுரம்தான். நடு இழையை ஒற்றையாகக் கட்டச் சொல்லி எழுத மறந்துவிட்டேன். அதற்கும் ஜோடி கட்டிவிட்டார்கள். சேலை இறங்கியபோது ஒவ்வொரு கோபுரத்துக்கும் கூர் இல்லை. உச்சியில் ஒரே இழை வரவேண்டிய இடத்தில் இரண்டு இழை ஒரே மட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, தலை தட்டையாகிவிட்டது. அதை நெய்தவர் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்து, "இன்னாப்பா, கோபுரத்த கழுத கடிச்சிச்சா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். பல மாதம் அந்தத் தெருப்பக்கம் நான் போகவில்லை.

இதைச் சொன்னதும் அமுதா சிரிக்கவில்லை. மோர் டம்ளரை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க பங்குனிக் கேள்வியவே எடுத்துக்குங்க. அஞ்சுங்கற உயரம் எங்கெங்க வந்துச்சி?"

"சைபர்ல. அப்பறம் ஆறுல."

"அது ஒரு ஜோடி. ரெண்டுக்கும் நடு?"

"மூணு."

"சைபர்ங்கற உயரம்?"

"ஒண்ணுல, அஞ்சுல. நடு…" நான் நிறுத்தினேன். "இதுக்கும் மூணுதான்."

"எந்த ஜோடியப் புடிச்சாலும் நடு அதேதான். அந்த நடுவுல நிக்கறதுக்கு மட்டும் ஜோடி கெடையாது. அதுக்குப் பேர்தான் முனை. இதத்தானே இத்தினி நாளா சொல்லிக்கினு இருக்கறேன்!"

என் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றது. நடு இழை! இத்தனை வருடமாகச் சிவப்பு மையில் சுழித்து வந்த அதே நடு இழை.

"அப்ப அந்த ஃபார்முலா?"

"கடைசியா நிக்கற பிளஸ் அஞ்ச கையால மறைங்க. அது படத்த மேல தூக்கும், கீழ எறக்கும். பக்கவாட்டுல நவுத்தாது. மீதி x² − 6x. இது எப்ப சைபர் ஆவும்?"

"x சைபர்னா ஆவும்." யோசித்தேன். "ஆறுன்னாலும் ஆவும். முப்பத்தாறு, அதுல முப்பத்தாறு போனா ஒண்ணுமில்ல."

"கேள்விக்குள்ள இருந்தது மைனஸ் ஆறு. வெளிய வந்தது பிளஸ் ஆறு. தண்ணி குடிக்கப் போன உங்க மைனஸ் திரும்பி வந்துச்சி பாருங்க. சைபருக்கும் ஆறுக்கும் நடு மூணு. அவ்வளவுதான் ஃபார்முலா."

x²-க்கு முன்னால் ஏதாவது எண் இருந்தால் அதாலும் வகுக்க வேண்டும் என்றாள். அதுவும் புரிந்தது. அன்று அந்தக் கோபுரத்தை நான் முடிக்கவில்லை. சாயங்காலம் வரை கணக்குப் போட்டோம். கண்டுபிடித்த முனையையெல்லாம் சிவப்பு மையால் சுழித்தேன். வாத்தியாரின் ஸ்கேல் சுவரோரம் கிடந்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

இரண்டு மைனஸ் இரண்டு

ஐப்பசிப் பரீட்சை அன்று விடாத மழை. ஹாலில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். அதே மீசைக்காரர் இந்த முறையும் எனக்கு முன்னால் இருந்தார். ஒருவரையொருவர் பார்த்து அசடு வழியச் சிரித்துக்கொண்டோம்.

கிராஃப் கேள்வி: y = x² − 5x + 4.

சைபரிலிருந்து ஐந்து வரை போட்டுக்கொண்டு வந்தேன். நாலு, சைபர், மைனஸ் இரண்டு, மைனஸ் இரண்டு, சைபர், நாலு. திக்கென்றது. நடுவில் இரண்டு மைனஸ் இரண்டு! எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று இன்னொரு தடவை போட்டேன். அதே விடை. முன்னால் மீசைக்காரர் ஸ்கேலை வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் நேர்க்கோட்டால் சேர்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

கழுதை கடித்த கோபுரம் கண்முன் வந்தது. ஒரே மட்டத்தில் இரண்டு இழை நின்றால் அது ஜோடி. ஜோடி என்றால் அது முனை இல்லை. முனை அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடு இரண்டரை. ஃபார்முலாவும் அதையே சொன்னது. சைபருக்கும் ஐந்துக்கும் நடு இரண்டரை.

இரண்டரையைப் போட்டுப் பார்த்தேன். ஆறேகால், அதில் பன்னிரண்டரை போய், நாலு கூட்டினால் மைனஸ் இரண்டேகால். இரண்டு புள்ளிகளுக்கும் கீழே கால் அளவு இறங்கி உட்கார்ந்திருந்தது அது. சின்னக் கட்டங்களை எண்ணிப் புள்ளி வைத்தேன். அந்தக் கால் அளவுக்காகவே என்னைப் பத்து வருடம் கட்டத்தாளில் பழக்கினார்கள் போலிருக்கிறது.

வளைவை இழுத்து முனைக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் கை நின்றுவிட்டது. அமுதாவின் முகம் ஞாபகம் வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபக்கம் மேலே ஏறினேன். இருதலைப் பட்சியின் இரண்டாவது தலையை அன்றுதான் முதல்முதலாக வரைந்தேன்.

தேதி

தை பிறந்ததும் மார்க் ஷீட் வந்துவிட்டது என்றார்கள். அமுதாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். உள்ளே போய் வாங்கியவன் பிரித்துப் பார்க்காமல் கொண்டுவந்து, பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தடியில் நின்றவளிடம் கொடுத்தேன்.

"நாப்பத்தொண்ணு!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. அழவும் செய்தேன்.

துடைத்துக்கொண்டு பார்த்தால் அவள் முகம் மாறியிருந்தது.

"தேதி போட்டிருக்குது பாருங்க."

பரீட்சை எழுதிய மாதமும் வருடமும் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தன. எங்களுக்குக் கல்யாணமானது அதற்கு முந்தின வருடம். பாஸ் என்று சொல்லும் அந்தத் தாளே, கல்யாணத்தன்று நான் பாஸ் இல்லை என்பதையும் சொன்னது. இத்தனை மாதம் இந்தத் தாளுக்காக உயிரை விட்டோம். இந்த ஒரு வரி எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மச்சான் சொன்ன வேலை அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது. ஆனாலும் அவர் சர்டிபிகேட் கேட்பதை நிறுத்தியபாடில்லை.

"ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்த எடத்துல ஒரு துண்டு பேப்பர் வெச்சிட்டா தெரியாது" என்றேன்.

அமுதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மறுபடியும் பாதிதான் காட்டப்போறீங்களா?"

சைக்கிளை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுத் திருப்புட்குழி பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் என் சட்டையின் கை மடிப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மச்சானுக்கு அன்று டியூட்டி இல்லை. கொடியில் காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. "வாங்க மாப்ள" என்று எழுந்தவரிடம் அசல் மார்க் ஷீட்டையே கொடுத்தேன்.

"மச்சான், கல்யாணத்தப்ப நான் பாஸ் இல்ல. கணக்குல பெயில். தரகர் பொய் சொன்னாரு, நான் வாயத் தொறக்கல. இப்பதான் பாஸ் பண்ணினேன். தேதிய பாருங்க."

அவர் தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அமுதாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" என்றார் அவளிடம்.

"தெரியும்ண்ணா. அவருக்கு சொல்லிக் குடுத்ததே நான்தான்."

தாளைக் கையில் பிடித்தபடியே அவர் உள்ளே போய்விட்டார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அமுதா சுவரில் சாய்ந்துகொண்டாள். போகட்டும், திட்டிவிட்டுத் தங்கையை இங்கேயே நிறுத்திக்கொண்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நான் நின்றேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் இன்னொரு தாள் இருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. என்னுடையதற்குப் பக்கத்தில் அதைப் பெஞ்சின் மேல் விரித்தார். அவருடைய பத்தாவது மார்க் ஷீட். கணக்குக்கு நேரே முப்பத்தைந்து.

"மூணாவது தடவ" என்றார். "இவளுக்கே தெரியாது."

அமுதா சுவரை விட்டு வந்து அந்த முப்பத்தைந்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா பொண்ணு குடுத்திருக்க மாட்டேன் மாப்ள. சத்தியமா குடுத்திருக்க மாட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு நீங்களா வந்து சொல்றீங்க. கோவப்படவும் முடியல."

அமுதா விசும்பியபடி, காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போனாள். மச்சான் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிராஃப் போட்டீங்களா?"

"போட்டேன் மச்சான்."

"எனக்கு அந்த முனை மூணு தடவையும் தட்டையாத்தான் வந்துச்சி. ரெண்டு புள்ளி ஒரே மட்டத்துல வந்து நிக்கும். ஸ்கேல் வெச்சி இழுத்துட்டு வந்துடுவேன். அது எப்பிடித்தான் போடறதுன்னு இன்னைய வரைக்கும் தெரியல." சுவரில் தொங்கிய பழைய வருடக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் திருப்பி என் முன்னால் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "எங்க, போடுங்க பாக்கலாம்."

நான் பேனாவை வாங்கினேன். உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே அமுதாவின் குரல் வந்தது.

"அண்ணா, முழுசா போடச் சொல்லு!"